விளக்க இதழியல் விருதுகளும் எண்ணூர்க் கழிமுகமும்: ஒரு வரலாற்று நோக்கு

நடந்ததைச் சொல்வது ஒரு பணி; அது ஏன், எப்படி நடந்தது என்று வாசகருக்குப் புரியவைப்பது வேறொரு பணி. இரண்டாவதற்கு அமெரிக்காவின் புலிட்சர் பரிசில் தனிப் பிரிவு கிடைத்தது 1985-இல்தான். மனநோயின் மூலக்கூற்று அறிவியலை விளக்கிப் ‘பால்டிமோர் ஈவினிங் சன்’ நாளிதழில் ஜான் பிராங்க்ளின் எழுதிய ஏழு பகுதித் தொடர் அதன் முதல் பரிசைப் பெற்றது. ஆனால் அதற்கு 48 ஆண்டுகள் முன்பே, ஹார்வர்டு பல்கலைக்கழக முந்நூற்றாண்டு விழாவில் பேசப்பட்ட அறிவியலை மக்களிடம் கொண்டுசேர்த்த ஐந்து செய்தியாளர்கள் 1937-ஆம் ஆண்டுப் புலிட்சரைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் இந்தியரான கோவிந்த் பிஹாரி லால். அன்று அது பொதுச் செய்திப் பிரிவில் கொடுக்கப்பட்ட பரிசு.

தமிழிலும் விளக்க இதழியல் என்ற பெயருக்கு முன்பே அத்தகைய எழுத்து இருந்தது. 1934-இல் தொடங்கிய தினமணியின் ஆசிரியராக நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் இருந்த ஏ.என். சிவராமன், ‘கணக்கன்’ என்ற பெயரில் பொருளாதாரத்தைச் சாதாரண வாசகருக்கு எழுதினார். புள்ளிவிவரத்தைக் கண்டு மிரளாத தமிழ் வாசகர் கூட்டத்தை உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர் என்பது என் கணிப்பு.

தினமணியை முன்பு நடத்திய எக்ஸ்பிரஸ் குழுமத்திலிருந்துதான் 2006-இல் ராம்நாத் கோயங்கா விருதுகள் வந்தன. அவற்றின் சுற்றுச்சூழல், அறிவியல், தொழில்நுட்பப் பிரிவே விளக்க எழுத்துக்கு நெருக்கமானது. தமிழக அரசின் 5 லட்சம் ரூபாய் கலைஞர் எழுதுகோல் விருதை முதலில் பெற்றவர் தினத்தந்தியின் ஐ. சண்முகநாதன். ‘வரலாற்றுச் சுவடுகள்’ தொடரால் வரலாற்றை எளிமையாகச் சொன்னவர் அவர்; தகுதியான தேர்வு. ஆனாலும் அந்த விருது செய்தியாளரின் மொத்தப் பணியைப் பார்க்கிறது, தனிக் கட்டுரையை அல்ல.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று அறிய வடசென்னைக்கு வரவேண்டும். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் வாளியால் எண்ணெயை அள்ளிய படங்கள் நாடெங்கும் பரவின. ஏன் வாளி? கப்பல் எரிபொருளான கனரக எண்ணெய் கடல்நீரோடு கலந்து கூழாகிவிட்டால் உறிஞ்சும் இயந்திரங்கள் திணறும். படத்தின் பின்னால் இருந்த இந்தக் காரணம்தான் விளக்க இதழியலின் இடம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூரில் உள்ள கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை அடைந்தது. படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி வேர்களிலும் அது படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. இரண்டும் சில நாள் தலைப்புச் செய்திகள். ஆலை எங்கே, கால்வாய் எங்கே, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மேடான ஆற்றில் ஓதம் எதுவரை ஏறும், எந்தக் குப்பத்துக்காரர் எங்கே வலை போடுவார் என்று நான்கையும் ஒரே வரைபடத்தில் வைத்தால்தான் அந்த டிசம்பர் புரியும். அப்படியொரு கட்டுரைக்கு மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். அதை எழுதி முடிக்கும் தமிழ்ச் செய்தியாளர் இன்று எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பார்?