தாவல் சொல்வதும் சொல்லாததும்: தக்காணப் பசால்ட்டின் அடியிலுள்ள படிவுகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

சௌராட்டிரத்துக்கும் நர்மதை–தபதி இடைநிலத்துக்கும் வரையப்பட்ட மீசோசோயிக் படிவுத் தடிமன் வரைபடங்கள் பலவற்றுக்கும் அச்சாணியாக இருப்பது ஒரே சான்று. வெடிப்புள்ளியிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, பசால்ட்டின் வழியே வரும் முதல் அலை தேய்ந்து மறைகிறது. அடுத்துத் தெரியும் அலை அதே கோட்டின் தொடர்ச்சியாக வராமல், படி தவறினாற்போல் தாமதித்து வருகிறது. இந்தத் ‘தாவல்’ ஆழத்தில் குறைவேக அடுக்கு ஒன்று இருப்பதைக் காட்டுகிறது என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அந்த அடுக்கு படிவுப்பாறையே என்றும் அதன் தடிமன் இவ்வளவே என்றும் தாவலை மட்டும் வைத்து முடிவுகட்டும் போக்கையே இக்கட்டுரை மறுக்கிறது.

முதலில் தடிமன். தனக்கு மேலுள்ள பாறையைவிட வேகம் குறைந்த அடுக்கின் மேற்பரப்பிலிருந்து விலகல் அலை எழுவதில்லை. ஆகவே அதன் வேகத்தைப் பதிவிலிருந்து நேராகப் படிக்க வழியில்லை. கட்ச்சில் வெளிப்பட்டுக் கிடக்கும் பாறைகளிலிருந்தோ தொலைவிலுள்ள கிணற்றிலிருந்தோ கடன் வாங்குகிறோம். அந்தக் கடனின் விலையை ஓர் எளிய படிமத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 5 கி.மீ. வேகமுள்ள பசால்ட் 1.5 கி.மீ., அதன் கீழே 4 கி.மீ. வேகமுள்ள படிவு 1.5 கி.மீ., அடித்தளத்தின் வேகம் 6 கி.மீ. என்று கொள்வோம். அடித்தள விலகல் அலையின் வெட்டு நேரத்தில் படிவின் பங்கு ஏறத்தாழ 0.56 வினாடி. படிவின் வேகம் 3.5 என்று வைத்தால் இதே 0.56 வினாடிக்கு 1.2 கி.மீ. தடிமன் போதும், 4.5 என்று வைத்தால் 1.9 கி.மீ. வேண்டும். பதிவு ஒன்றுதான், விடைகளுக்கு இடையே 700 மீட்டர் வேறுபாடு. வரைபடத்தில் அச்சாவதோ ஒற்றைக் கோடு.

அடுக்கின் அடையாளம் இதைவிடச் சிக்கலானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்ச் சாலை வெட்டுகளில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: தக்காணப் பசால்ட் ஒரே பாளமன்று. திண்ணென்ற கரிய நடுப்பகுதி. அதற்கு மேல் சியோலைட் அடைத்த குமிழ்த் துளைகள். அதற்கும் மேல், கத்தி முனையால் சுரண்டினாலே உதிரும் செம்மண் பட்டை. பிறகு அடுத்த பாய்வு. வினாடிக்கு 10 அதிர்வுள்ள அலைக்கு இங்கே அலைநீளம் 500 மீட்டர். ஆகவே அது தனிப் பாய்வுகளைப் பிரித்தறியாது, அடுக்கின் சராசரியையே உணரும். அம்மலையில் மேலே கிடக்கும் வாய் (Wai) துணைக்குழுமத்தில் திண்மையான தனிப்பாய்வுகள் மிகுதி. கீழே கள்சுபாய் துணைக்குழுமத்தில் குமிழ் நிறைந்த கூட்டுப்பாய்வுகள் மிகுதி. அப்படியானால் சராசரி வேகம் பசால்ட்டுக்குள்ளேயே ஆழத்தோடு குறையக்கூடும். படிவே இல்லாமலும் தாவல் தோன்றக்கூடும். குமிழ்களை நிரப்பிய கனிமங்கள் வேகத்தைக் கூட்டும் என்பதால், இதை எல்லா இடத்துக்கும் பொதுவிதியாக நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வாய்ப்பைத் தள்ளிவிட்டே படிவு என்று பெயரிட வேண்டும். தாவலை மட்டும் வைத்த வாசிப்புகள் அந்த வேலையைச் செய்வதில்லை.

துளைக்கிணறுகள் எச்சரிக்கையையே கற்பிக்கின்றன. ராஜ்கோட் அருகே லோதிகாவில் சுமார் ஒன்றரை கி.மீ. பசால்ட்டுக்குக் கீழே மீசோசோயிக் படிவுகள் கிடைத்தன. சௌராட்டிரத்தில் படிவு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் மகாராட்டிரத்தின் கில்லாரியில் 338 மீட்டர் பசால்ட்டின் கீழே இருந்தது வெறும் 8 மீட்டர் படிவு. அதே மாநிலத்தின் கொய்னாவில் சுமார் 930 மீட்டர் பசால்ட் கிரானைட்–நைஸ் பாறையின் மேல் நேராக அமர்ந்திருக்கிறது. ஆக, ஓரிடத்துப் படிவை வைத்து இன்னோரிடத்தில் படிவு உண்டு என்று கொள்ள முடியாது.

ஈர்ப்பு முரண்களும் காந்தமண்ணியல் (magnetotelluric) அளவீடுகளும் படிவை உறுதிசெய்கின்றன என்பார்கள். அடர்த்தி குறைந்த கிரானைட்டும் ஈர்ப்பைக் குறைக்கும். நீர் ஊறிய குமிழ்ப் பசால்ட்டும் மின்தடையைக் குறைக்கும். இவை துணைச் சான்றுகள், தீர்ப்பல்ல.

தீர்ப்புக்கு வழி அகல்கோண எதிரொலிப்புகளில் இருக்கிறது. குறைவேக அடுக்கின் மேல் எல்லையிலிருந்தும் கீழ் எல்லையிலிருந்தும் திரும்பும் அலைகளைத் தொலைவோடு தொடர்ந்தால், நேர வளைவே அடுக்கின் வேகத்தைத் தரும், கடன் தேவையில்லை. பசால்ட்டுக்கும் படிவுக்கும் இடையிலான கூர்மையான எல்லை, துருவம் தலைகீழான வலுவான எதிரொலியைத் தர வேண்டும். பாய்வுகளின் இயல்பு படிப்படியாக மாறினால் அந்த வலு இராது. பசால்ட்டின் கரடுமுரடான இடைமுகங்கள் உயர் அதிர்வுகளைச் சிதறடித்து விடுவதால், இதற்குத் தாழ் அதிர்வு மூலங்களும் நீண்ட ஜியோபோன் வரிசைகளும் வேண்டும். வட அட்லாண்டிக் ஓரத்தில் இது பழகிய முறைதான்.

பழைய பதிவுகளை வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: வருகை நேரங்களோடு அலைவீச்சையும் வெளியிடுங்கள். அதுவரை தாவலை மட்டும் நம்பி வரையும் தடிமன் கோடுகளின் பக்கத்தில், கொண்ட வேகம் எவ்வளவு என்பதையும் மேல், கீழ் வரம்புகளையும் அச்சிடுங்கள்.