நாஜிகளுக்கு விழுந்த வாக்குகளும் யூத வெறுப்பும்

நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்தார்கள். ஆகவே அவர்களுக்கு வாக்களித்த ஜெர்மானியர் யூத வெறுப்பினாலேயே வாக்களித்தனர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பின்னால் நிகழ்ந்த கொடுமையைக் கொண்டு முன்னால் நடந்த தேர்தலைப் படிப்பதால் வரும் முடிவு இது. தேர்தல் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் அத்தனை எளிதாக இல்லை.

1928 மே மாதத் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது வெறும் 2.6 சதவீதம். 1930 செப்டம்பரில் அது 18.3 ஆயிற்று, 1932 ஜூலையில் 37 சதவீதத்தைத் தாண்டியது. அதே ஆண்டு நவம்பரில் 33 சதவீதமாகச் சரிந்தது. நான்கே ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் வெறுப்பு பதினான்கு மடங்கு பெருகுவதுமில்லை. நான்கே மாதங்களில் குறைந்துபோவதுமில்லை. கட்சியின் கொள்கையும் புதியதன்று. யூதர் எவரும் ஜெர்மானியக் குடிமகனாக முடியாது என்பது 1920இல் அறிவித்த 25 அம்சத் திட்டத்திலேயே இருந்தது.

இடையில் மாறியது வாழ்நிலை. 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் ஏறத்தாழ 60 லட்சம் பேர். ஆனால் வேலையிழந்த தொழிலாளர் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகளையே நாடினர். கம்யூனிசத்தை அஞ்சிய, கடனில் மூழ்கிய புராட்டஸ்டண்ட் விவசாயிகளும் சிறு வணிகரும்தாம் நாஜிகள் பக்கம் திரண்டனர். கத்தோலிக்கப் பகுதிகளில் ஆதரவு குறைவாகவே இருந்தது. வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனிலோ 1932 ஜூலையில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் நாஜிகளுக்கே விழுந்தன.

தியோடர் ஏபெல் என்ற சமூகவியலாளர் 1934இல் ஒரு போட்டி அறிவித்து, நாஜிக் கட்சியினரிடமிருந்து தன்வரலாறுகளைத் திரட்டினார். ஏறத்தாழ 60 சதவீதத்தினர் யூத வெறுப்பைக் குறிப்பிடவே இல்லை என்று அவர் எழுதினார். அவற்றை மீண்டும் ஆராய்ந்த பீட்டர் மெர்க்கல், சுமார் எட்டில் ஒருவருக்கே அது தலையாய நோக்கம் என்று கண்டார். வாக்களித்ததோடு நில்லாமல் கட்சியில் சேர்ந்தவர்களின் நிலையே இது.

அப்படியானால் யூத வெறுப்புக்குப் பங்கே இல்லையா? உண்டு. 1348க்கும் 1350க்கும் இடையில், கொள்ளைநோய்க்கு யூதரே காரணம் என்று பழிசுமத்திப் பல ஜெர்மானிய ஊர்களில் அவர்களைக் கொன்றார்கள். அந்த ஊர்களில் 1928இல் நாஜிகளுக்கு ஒப்பீட்டளவில் அதிக வாக்குகள் கிடைத்ததை நிக்கோ ஃபோய்க்ட்லெண்டரும் ஹான்ஸ்-யோவாகிம் ஃபோத்தும் 2012இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கட்சி சிறிதாக இருந்தபோது அதன் விதைநெல்லாக இருந்தது பழைய வெறுப்பு. பின்னர் விளைச்சலைப் பெருக்கியது நெருக்கடி.

ஆனால் இதைச் சொல்லி அந்த வாக்காளரை விடுவித்துவிட முடியாது. வேலைக்காகவோ ஒழுங்குக்காகவோ வாக்களித்தவருக்கும் கட்சி யூதரைப் பற்றிப் பேசியது தெரியும். அது ஒளித்து வைத்த கொள்கை அன்று. மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான அயலாருக்கு என்ன நேரும் என்ற கேள்வி அவர் கையைத் தடுக்கவில்லை. அவருள் பெரும்பாலோரைப் பெட்டியருகே இழுத்துச் சென்றது வெறுப்பன்று. ஆனால் அந்த வெறுப்பு அவர்களுக்கு ஒரு தடையாகவும் தோன்றவில்லை. 1933 ஏப்ரல் 1 அன்று யூதர் கடைவாசல்களில் நாஜிப் படையினர் மறியலுக்கு நின்றபோது, அந்தப் பொருட்படுத்தாமையின் முதல் தவணை வசூலாகத் தொடங்கியிருந்தது.