ஹால் வாடகை யார் கணக்கில்?

மெடிக்கல் ரெப்பாக இருந்த காலத்தில் டாக்டர்களுக்கான சி.எம்.இ. கூட்டங்களை நானே எத்தனையோ முறை ஏற்பாடு செய்திருக்கிறேன். சி.எம்.இ. என்றால் தொடர் மருத்துவக் கல்வி. ஹோட்டலில் ஹால் பிடிப்பது, பேச வரும் பெரிய டாக்டருக்கு டிக்கெட் போடுவது, கம்பெனி பேனர் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. முக்கால் மணி நேரம் பேச்சு, பிறகு சாப்பாடு. எந்த நோயைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தது மட்டும் எங்கள் கம்பெனி. அடுத்த வாரம் மருந்துக் கடைகளில் எங்கள் மாத்திரைக்குச் சீட்டு வருகிறதா என்று விசாரிப்பதும் என் வேலைதான்.

டாக்டர்கள் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதில் தவறில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள், 5 ஆண்டுகளில் 30 மணி நேரமாவது இப்படிப் படிக்கச் சொல்லின. 2009 டிசம்பரில் கவுன்சில் இன்னொரு விதி சேர்த்தது: மருந்துக் கம்பெனியிடம் பரிசோ, மாநாட்டுக்குப் போகும் செலவோ டாக்டர் வாங்கக் கூடாது. ஆனால் அது டாக்டருக்குப் போட்ட விதி. எங்களைக் கட்டுப்படுத்தாது என்று கம்பெனிகள் வாதாடின.

அந்த வாதம் ஒரு வருமான வரி வழக்கில்தான் உடைந்தது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ், டாக்டர்களுக்காகச் செலவிட்ட சுமார் 4.72 கோடி ரூபாயை வியாபாரச் செலவாகக் கழித்துக்கொள்ளக் கேட்டது. மாநாட்டுக் கட்டணம், தங்கக் காசு, டி.வி., ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாம் அதில் அடக்கம். 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வாங்குவது குற்றமென்றால் கொடுப்பதற்கு வரிச்சலுகை கிடையாது; இந்தச் செலவெல்லாம் மருந்து விலையில்தான் ஏறுகிறது என்றும் தீர்ப்பு சொன்னது.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், கம்பெனி பணத்தில் நடக்கும் கருத்தரங்குகளுக்கு டாக்டர்கள் போகவே கூடாது என்று விதி கொண்டுவந்தது. அந்த மாதமே அதை நிறுத்தியும் வைத்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட நடத்தை நெறி, வெளிநாட்டில் கூட்டம் நடத்துவதைத் தடுத்தது. உள்நாட்டில் வெளிப்படையாக நடத்த இடம் கொடுத்தது.

இப்போது மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்குகிறேன். பில்லைப் பார்க்கும்போதெல்லாம் நான் பிடித்த ஹால்களும் கட்டிய பேனர்களும் ஞாபகம் வருகின்றன. அன்று கம்பெனி கணக்கில் எழுதியதை இன்று என் பென்ஷனிலிருந்து கட்டுகிறேனோ என்று தோன்றும்.

சீட்டில் புதுப் பெயர் ஏதாவது இருந்தால், “இதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். பழைய ரெப் சொல்கிறேன், கேட்பதில் தவறே இல்லை.