மரபணுத்தொகைத் தரவும் தென்னக வரலாறும்: புள்ளியியல் கூறுகள் மக்களினங்கள் ஆகுமா?

ஆய்வுச்சுருக்கம்

இந்திய மக்கள்தொகை வரலாறு குறித்து 2009 முதல் வெளிவந்துள்ள மரபணுத்தொகை ஆய்வுகள் தமிழ் வரலாற்றெழுத்தில் மிகுதியாக எடுத்தாளப்படுகின்றன. அவ்வாய்வுகள் முன்வைத்த ‘தென்னிந்திய மூதாதை’ என்னும் புள்ளியியல் கூறு, பல இடங்களில் ‘திராவிடர்’ என்பதற்கு நிகரான சொல்லாகவே கையாளப்படுகிறது. அக்கூறு எவ்வாறு கணிக்கப்பட்டது, எவ்வாறு பெயரிடப்பட்டது, பத்தாண்டுகளில் எவ்வாறு திருத்தப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்ந்து, அந்நிகர்ப்பாடு பொருந்தாது என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புள்ளியியல் மரபியல், மரபணுத்தொகை, மகலனோபிஸ், மூதாதைக் கூறு, அகமணம்.

முன்னுரை

கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ‘திராவிடம்’ என்பது மொழிக்குடும்பம் ஒன்றைக் குறிக்கும் கலைச்சொல்லாக நிலைபெற்றது. அரை நூற்றாண்டுக்குள் அதே சொல், 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்குத் தலைமையேற்ற ஹெர்பர்ட் ரிஸ்லியின் கையில் உடல்வகையின் பெயராயிற்று. மொழிக்குரிய பெயரை உடலுக்கு ஏற்றிய அப்பிழையின் விளைவுகளை வரலாற்றாசிரியர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதே பெயர் இன்று மரபணுவுக்கு ஏற்றப்படுகிறது. எனவே, மரபணுத் தரவு வரலாற்றுச் சான்றாகும் முறையையும் அதன் எல்லையையும் வரையறுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

1. மூக்களவும் தொலைவளவும்

மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கிக் கிடைக்கும் எண்ணை ரிஸ்லி பெரிதும் நம்பினார். இந்திய மக்களை ஏழு வகையாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் ‘திராவிட வகை’ என்றும் பிறவற்றுள் மூன்றுக்கு ‘ஆரிய-திராவிட’, ‘மங்கோல-திராவிட’, ‘சித்திய-திராவிட’ என்றும் பெயரிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டனும் இத்தகைய அளவீடுகளைத் தென்னகத்தில் திரட்டினார். கா. ரங்காச்சாரியின் துணையுடன் 1909-இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூலில் அவை இடம்பெற்றுள்ளன.

இவ்வளவீடுகளை முறையான புள்ளியியல் ஆய்வுக்கு உட்படுத்தியவர் பி. சி. மகலனோபிஸ். கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களிடம் எடுக்கப்பட்ட அளவீடுகளைப் பகுத்தாய்ந்து 1922-இல் கட்டுரை வெளியிட்ட அவர், 1933-இல் ரிஸ்லியின் வங்காளத் தரவுகளை மறுஆய்வு செய்து அவற்றிலிருந்த பிழைகளைச் சுட்டினார். 1936-இல் அவர் வரையறுத்த ‘பொதுமைப்படுத்திய தொலைவு’ என்னும் அளவை, இன்று உலகெங்கும் மகலனோபிஸ் தொலைவு என வழங்குகிறது. பல அளவீடுகள் ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பையும் கணக்கிற்கொண்டு, இரு குழுக்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அது காட்டும். ஒரு குழு ‘எந்த வகை’ என்னும் வினா, ‘எதிலிருந்து எவ்வளவு தொலைவு’ என்னும் வினாவாக மாறியது. வகை என்பது பெயர். தொலைவு என்பது ஒப்பீடு. பின்வந்த மரபணுப் புள்ளியியலும் இவ்வொப்பீட்டு நெறியிலேயே இயங்குகிறது.

2. 2009-ஆம் ஆண்டு ஆய்வும் அதன் முறையும்

டேவிட் ரைக், குமாரசாமி தங்கராஜ், நிக் பேட்டர்சன், அல்கஸ் பிரைஸ், லால்ஜி சிங் ஆகிய ஐவரும் இணைந்தெழுதிய கட்டுரை 2009 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. தங்கராஜும் சிங்கும் ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சார்ந்தவர்கள். 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுத்தொகையில் 5,60,123 இடங்கள் ஒப்பிடப்பட்டன.

இவ்வாய்வின் அடிப்படை அல்லீல் நிகழ்வெண் ஆகும். மரபணுத்தொகையின் ஓர் இடத்தில் இருவகை எழுத்துகள் வரக்கூடுமாயின், ஒவ்வொன்றும் ஒரு குழுவில் எந்த விகிதத்தில் காணப்படுகிறது என்பதே அந்நிகழ்வெண். கலப்பின்றிக் கிளைத்துப் பிரிந்த குழுக்களில் இவ்விகிதங்கள் தலைமுறைதோறும் தற்செயலாக மாறிச் செல்லும். நான்கு குழுக்களை எடுத்து, முதலிரண்டுக்கிடையிலான நிகழ்வெண் வேறுபாட்டைப் பின்னிரண்டுக்கிடையிலான வேறுபாட்டோடு ஒவ்வோர் இடத்திலும் பெருக்கிச் சராசரி காண்பர். முதலிரண்டும் ஒரு கிளையாகவும் பின்னிரண்டும் மற்றொரு கிளையாகவும் கலப்பின்றிப் பிரிந்திருப்பின் அச்சராசரி சுழியாகும். சுழியிலிருந்து அது தெளிவாக விலகினால் அக்கிளைப்படம் பொருந்தாது. கலப்பு நிகழ்ந்திருத்தல் கூடும். இத்தகைய இரு சராசரிகளின் விகிதத்திலிருந்து கலப்பின் பங்கையும் கணிக்கலாம். இம்முறைகளை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த பேட்டர்சன், முன்னர்ப் பிரித்தானிய அரசின் மறைகுறியீட்டுப் பிரிவில் பணியாற்றிய கணிதவியலாளர் என்பது குறிப்பிடத்தக்கது.

பெரும்பாலான இந்தியக் குழுக்கள் இரு மூதாதைக் கூறுகளின் கலப்பு என்பதும், அவற்றுள் ஒன்றின் பங்கு 39 முதல் 71 விழுக்காடு வரை வேறுபடுகிறது என்பதும் அவ்வாய்வின் முடிபு. மற்றைக் கூறு கலப்பின்றி எக்குழுவிலும் கிட்டவில்லை. ஆதலால் அதனோடு தொலை உறவுடைய சிறிய அந்தமான் தீவின் ஓங்கே மக்களின் தரவு ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்டது. அதாவது, ‘தென்னிந்திய மூதாதை’ எவரும் நேரில் கண்டறிந்த மக்கள் அல்லர். கணக்கின்வழி ஊகித்தறியப்பட்ட கூறு.

3. பெயரிடுதல்

ரைக் 2018-இல் வெளியிட்ட நூலில் பெயரிட்ட வரலாற்றைப் பதிவு செய்துள்ளார். இந்தியர், மேற்கு யுரேசியரோடு உறவுடைய கூறும் அந்தமானியரோடு உறவுடைய கூறும் கலந்தவர் என்பதே அவர் முதலில் முன்வைத்த வாசகம். ஐதராபாத் ஆய்வாளர்கள் அதனை ஏற்கவில்லை. மரபணு உறவு, இடப்பெயர்வு நிகழ்ந்த திசையைத் தானாக மெய்ப்பிக்காது என்பது அவர்கள் எழுப்பிய அறிவியல் வினா. அவ்வாசகம் இந்தியாவில் எவ்வாறு வாசிக்கப்படும் என்னும் கவலையும் உடனிருந்தது. உரையாடலின் முடிவில் ‘வடஇந்திய மூதாதை’, ‘தென்னிந்திய மூதாதை’ என்னும் பெயர்கள் உடன்பாடாயின.

மொழியையோ இனத்தையோ சுட்டாத இடப்பெயர்கள் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டும், பொதுவெளியில் அவை ‘ஆரியர்’, ‘திராவிடர்’ என விரைவில் பெயர்த்து வாசிக்கப்பட்டன. ஆய்வாளர் தவிர்த்த சொற்களை வாசகர் மீண்டும் கொணர்ந்தனர்.

4. காலக்கணிப்பும் பழமரபணுவும்

2013-இல் பிரியா மூர்ஜானி முதலானோர் 73 குழுக்களைச் சேர்ந்த 571 பேரின் தரவைக் கொண்டு கலப்பின் காலத்தைக் கணித்தனர். ஒரு மூதாதையிடமிருந்து வந்த மரபணுத் துண்டு, தலைமுறைதோறும் மறுகூட்டிணைவால் வெட்டுண்டு குறுகும். அக்குறுக்கத்தின் அளவிலிருந்து தலைமுறை எண்ணிக்கையை அறியலாம். இவ்வாறு பெறப்பட்ட காலம் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இது கலப்பு நிகழ்ந்த காலமேயன்றி, வருகை நிகழ்ந்த காலமன்று. அருகருகே வாழ்ந்தோர் நெடுங்காலம் கலவாதிருந்து பின்னர்க் கலந்திருத்தலும் கூடும். இவ்வேறுபாட்டைக் கருதாமல் இவ்வெல்லைகளைச் சங்க காலத்தோடு நேரே பொருத்துவது பிழையாகும்.

பெருந்திருப்பம் 2019-இல் நேர்ந்தது. வாகீஷ் நரசிம்மன் முதலானோர் 523 பழங்கால மனிதரின் புதிய தரவுகளை வெளியிட்டனர். துர்க்மெனிஸ்தானின் கோனூரிலும் ஈரானின் ஷாரி சோக்தாவிலும் புதைக்கப்பட்டிருந்த 11 பேர், உள்ளூராரினின்று வேறுபட்டுச் சிந்துவெளித் தொடர்புடையோராகக் கருதப்பட்டனர். ராகிகடியில் கிடைத்த ஒரு பெண்ணின் மரபணுவும் அவர்களோடு ஒத்திருந்ததை வசந்த் ஷிண்டே முதலானோரின் கட்டுரை காட்டியது. புல்வெளி மேய்ச்சலாளர் கூறு அப்பெண்ணிடம் காணப்படவில்லை.

இத்தரவுகளின் ஒளியில், 2009-இல் அடிப்படைக் கூறாகக் கொள்ளப்பட்ட ‘தென்னிந்திய மூதாதை’யே ஒரு கலப்பு என்பது புலனாயிற்று. சிந்துவெளி மக்களோடு உறவுடைய கூறும், அதனினும் தொன்மையான தென்னாசிய வேட்டைச் சமூகக் கூறும் இணைந்து உருவானதே அது. பின்னதற்குத் ‘தொல் தென்னிந்திய மூதாதை’ என்னும் புதுப்பெயர் வேண்டியதாயிற்று. பழைய பெயர் நீடிக்கிறது. அதன் பொருள் மாறிவிட்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் அக்கூற்றைக் ‘கலப்பற்ற ஆதித் திராவிடர்’ எனக் கொண்டு எழுதப்பட்டவை அடித்தளமிழந்தன.

5. அகமணம்: சான்றின் ஆற்றலும் எல்லையும்

இதனால் மரபணுத் தரவு வரலாற்றுக்குப் பயனற்றது என்று ஆகிவிடாது. 2009-ஆம் ஆண்டு ஆய்வில் ஆந்திரத்தின் வைசியர் குழு, நூறு தலைமுறைக்கு முன்னர்ச் சிலரிலிருந்து பெருகி, பின்னர்ப் புறக்கலப்பு மிகக் குறைவாக வாழ்ந்து வந்தமை தெரியவந்தது. சாதியின் இறுக்கம் குடியேற்ற ஆட்சியின் ஆக்கமே என்னும் வாதத்தை அவ்வாய்வாளர்கள் இதனடிப்படையில் மறுத்தனர்.

இங்கும் சான்றின் எல்லையைக் காணல் வேண்டும். தரவு காட்டுவது மண உறவின் எல்லையை மட்டுமே. அக்குழு அன்று என்ன பெயரால் வழங்கியது, படிநிலையில் எங்கு நின்றது, தொழிலோடும் நிலத்தோடும் எத்தகைய உறவு கொண்டிருந்தது என்பனவற்றுக்கு மரபணு விடை தராது. அவற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமுமே சான்றாகும். அகமணத்தின் தொன்மை நிறுவப்பட்டாலும், குடியேற்ற ஆட்சி சாதியை எவ்வாறு மாற்றியமைத்தது என்னும் வினா தீர்ந்துவிடவில்லை.

இவ்வறிவின் உடனடிப் பயன் மருத்துவத்தில் உள்ளது. சிலரிலிருந்து பெருகிய குழுக்களில் அரிய ஒடுங்கு மரபணுக் குறைபாடுகள் மிகுந்து வெளிப்படும். வைசியர் சிலரிடம் காணப்படும் நொதிக் குறைபாட்டால், அறுவைக்கு முன் தரப்படும் ஒருவகைத் தசைத்தளர்த்தி மருந்தின் விளைவு அபாயமாக நீடிக்கிறது. 263 குழுக்களை ஆராய்ந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றுள் 81 குழுக்களில் இத்தகைய நிறுவனர் விளைவு பின்லாந்தினரிடம் உள்ளதினும் வலுவாயிருப்பதாகக் கண்டது. இங்குக் குழுவின் பெயர் பெருமைக்குரியதாகவன்றி, நோய்த்தடுப்புக்குரிய குறிப்பாகவே பயன்படுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மூதாதைக் கூறு என்பது கையிலுள்ள தரவுக்கேற்ப அமைத்த ஒப்பீட்டு மாதிரியின் உறுப்பு. தரவு மிகும்போது அது பிளவுபடவும் திருத்தம் பெறவும் கூடும். இரண்டாவது, கலப்பின் காலம், வருகையின் காலம், மொழி பரவிய காலம் ஆகிய மூன்றும் தனித்தனியே நிறுவத்தக்கவை. மூன்றாவது, மரபணு மண உறவைக் கூறும். மொழியையும் படிநிலையையும் கூறாது.

ஆதிச்சநல்லூர், கொந்தகை போன்ற தமிழகத் தாழிக்காடுகளிலிருந்து போதிய பழமரபணு கிடைக்குமாயின் இன்றைய கூறுகள் மீண்டும் சோதனைக்கு உள்ளாகும். அந்நாளில் தமிழாய்வாளர் முன்கூட்டியே ஒரு பெயரை ஏந்திக் காத்திராமல், மொழியியல், தொல்லியல், மரபியல் ஆகியவற்றின் சான்றுகளை அவற்றுக்குரிய எல்லையில் வைத்து ஒப்பிடுதல் வேண்டும். மகலனோபிஸ் ரிஸ்லியின் தரவை மறுஆய்வு செய்தது போன்று, இன்றைய கணிப்புகளையும் மறுஆய்வு செய்யும் பயிற்சி தமிழ் வரலாற்றுத் துறைக்குத் தேவைப்படுகிறது.