அப்பத்தாவுக்கு மாத்திரை, எதிர்வீட்டுப் பையனுக்கு ஊசி

ஆத்தூர்னதும் சேலம் பக்கம் போயிடாதீங்க மக்களே. இது திண்டுக்கல் ஆத்தூர், காமராஜர் அணை இருக்கிற ஊர். எங்க அப்பத்தாவுக்குச் சர்க்கரை. காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒண்ணு, அம்புட்டுத்தான். எதிர்வீட்டுப் பையனுக்குப் பத்து வயசுல அதே சர்க்கரை; ஆனா ஊசி. "பச்சப்புள்ளைய ஏப்பா குத்துறீங்க, என் மாத்திரையில பாதியக் குடுங்க"ன்னு அப்பத்தா சண்டைக்கே போச்சு. யாரோ சிறுகுறிஞ்சான் பொடி போதும்னு சொல்ல, அவங்க வீட்டுல ஊசியை நிறுத்திட்டாங்க. ரெண்டாம் நாளே பையனுக்கு வாந்தி, மேல்மூச்சு. திண்டுக்கல்லுக்குத் தூக்கிட்டு ஓடினோம். பிழைச்சுக்கிட்டான்.

அப்பத்தா கேட்டது நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் பழைய கதையில இருக்கு.

முதல்ல வந்தது ஊசி. 1922 ஜனவரியில டொராண்டோவில லியோனார்ட் தாம்சன்ங்கிற 14 வயசுப் பையனுக்கு, மாட்டுக் கணையத்துல இருந்து எடுத்த இன்சுலினைப் போட்டாங்க. முதல் ஊசி சரியா கேக்கலை. இன்னும் சுத்தம் பண்ணி 12 நாள் கழிச்சுப் போட்டதுதான் கேட்டுது. அதுவரைக்கும் இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குப் பட்டினி போடுறதுதான் வைத்தியமே!

டாக்டர் எம். விஸ்வநாதன் 1948ல சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில சர்க்கரைக்குன்னு தனிப்பிரிவு ஆரம்பிச்சப்பவும் மாத்திரை விற்பனைக்கு வரலை. பத்தியம், இல்லைன்னா இன்சுலின். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வெச்சுக் குத்தணும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுல மருந்துபாட்டில் மண்பானையில இருக்கும்.

மாத்திரை வந்தது தற்செயலா. 1942ல பிரான்ஸ்ல மான்பெலியே ஊர்ல டைபாய்டுக்குக் குடுத்த ஒரு சல்ஃபா மருந்து, நோயாளிங்க சர்க்கரையை ஒரேயடியா இறக்கிடுச்சு. ஏன்னு பார்க்க லூபாத்தியே நாய்ங்களுக்குக் குடுத்துப் பார்த்தார். கணையத்தை எடுத்துட்ட நாய்க்கு அது வேலையே செய்யலை. அப்பத்தாவுக்குப் பதில் இதுதான்: மாத்திரை கணையத்தை விரட்டி வேலை வாங்குது. டைப் 1 பையனுக்கு இன்சுலின் சுரக்கிற செல்லே அழிஞ்சுபோச்சு, யாரை விரட்ட? 1957ல ஸ்டெர்ன் கொண்டுவந்த மெட்ஃபார்மின் வேற ரகம், கல்லீரல் கொட்டுற சர்க்கரையைக் குறைக்கும். ஆனா அதுவும் இன்சுலினுக்கு மாற்று இல்லை.

டைப் 2லயும் வருஷம் போகப்போக கணையம் ஓஞ்சுடும். கடைசி ரெண்டு வருஷம் அப்பத்தாவுக்கும் ஊசிதான். எங்க யாரையும் கிட்ட விடாது. எதிர்வீட்டுப் பையன் வந்துதான் போட்டுவிடுவான்.