செம்மரம்

செம்மரம் அல்லது செஞ்சந்தனம் (அறிவியற் பெயர்: தெரோகார்ப்பசு சந்தாலினசு) என்பது பபேசியே குடும்பத்தைச் சேர்ந்த, மெதுவாக வளரும் ஒரு மரமாகும். வேங்கை மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. பெயரில் சந்தனம் என்னும் சொல் இருப்பினும் இதற்குச் சந்தன மரத்தின் நறுமணம் இல்லை; அவ்விரண்டும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை.

பரவல்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இது இயற்கையாக வளர்கின்றது. ஆந்திரப் பிரதேசத்தின் சேசாசலம் மலைகளும் அவற்றை அடுத்த வறண்ட, கல் நிறைந்த குன்றுகளும் இதன் முதன்மையான வாழிடங்கள். தமிழக எல்லைப்புறத்திலும் சிறு திட்டுகளாகக் காணப்படுகின்றது. 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர் தமிழகத்துடன் இணைக்கப்பட்ட திருத்தணி, சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் இவ்வாழிடத்தின் விளிம்பில் அமைந்துள்ளது.

மரத்தின் இயல்பு

பட்டை கருமையாகவும் முதலைத் தோல் போல வெடித்தும் இருக்கும். வெளிப்புறத்து வெளிறு வெண்மையானது. உள்ளே உள்ள வைரமே விலைமதிப்புடையது. புதிதாக அறுக்கும்போது செந்நிறமாக இருக்கும் வைரம், காற்றுப்பட்டு நாளடைவில் கருஞ்சிவப்பாக மாறும். மிகுந்த அடர்த்தியின் காரணமாக நன்கு வைரம் பாய்ந்த கட்டை நீரில் மூழ்கும். கட்டை வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பயன்பாடு

திருப்பதியில் செய்யப்பட்ட மரப்பாச்சிப் பொம்மைகளுக்கு இம்மரம் பெயர்பெற்றது. சீனாவில் அரச குடும்பத்தினரின் மரச்சாமான்களுக்கு இவ்வகைச் செந்நிற மரம் பெரிதும் விரும்பப்பட்டது. சப்பானில் சாமிசென் என்னும் நரம்பிசைக் கருவியின் கழுத்துப் பகுதி இதனால் செய்யப்படுகின்றது. வைரத்தில் உள்ள சந்தாலின் என்னும் பொருள் செந்நிறச் சாயமாகப் பயன்படுகின்றது.

தச்சு வேலை

அடர்ந்த மரம் விரைவாக உலர்ந்தால் முனைகளில் வெடிக்கும். எனவே கட்டையின் இரு முனைகளிலும் மெழுகோ வண்ணமோ பூசி, நிழலில் அடுக்கி மெதுவாக உலர்த்த வேண்டும். அலைபோல் பின்னிச் செல்லும் இழை, மழுங்கிய இழைப்புளி பட்டால் செதிளாகப் பெயரும். உளியையும் வாளையும் அடிக்கடி தீட்ட வேண்டும். சந்தாலின் நீரில் எளிதில் கரைவதில்லை, ஆனால் சாராயத்தில் கரையும். ஆகவே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெருகைப் பூசும்போது செந்நிறம் கசிந்து அருகிலுள்ள வெளிர் மரத்தில் படியக்கூடும்.

வீட்டின் கதவு, நிலை, சன்னல், கட்டில் போன்றவற்றுக்கு இம்மரம் தேவைப்படுவதில்லை. தேக்கு, வேங்கை, வேம்பு, பலா, பூவரசு ஆகியவை இவ்வேலைகளுக்குப் போதுமானவை.

சட்டவிரோத வெட்டும் உயிரிழப்பும்

வெளிநாடுகளில் கிடைக்கும் உயர்ந்த விலையே இம்மரத்திற்குக் கேடாக அமைந்தது. கடத்தலுக்காக மரம் வெட்டும் ஆபத்தான வேலைக்குத் தமிழகத்தின் மலைச் சிற்றூர்களிலிருந்து கூலியாட்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படை சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். அவர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. இது போலி மோதல் என மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டின. கூலிக்கு மரம் வெட்டச் சென்றவர்கள் உயிரிழக்க, கடத்தலின் பெரும் ஆதாயம் வணிகர்களுக்கே சென்றது என்பது இத்தொழில் குறித்த முக்கிய விமர்சனமாகும்.

பாதுகாப்பு

அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் 1995 இல் சேர்க்கப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அருகிய இனமாக வகைப்படுத்தியுள்ளது. பறிமுதல் செய்யப்பட்ட கட்டைகளை ஆந்திர அரசு ஏலத்தில் விற்றுள்ளது. உழவர்கள் தம் நிலத்திலும் இதனை வளர்க்கின்றனர். ஆயினும் அதனை வெட்டவும் எடுத்துச் செல்லவும் வனத்துறையின் அனுமதி தேவை. வாங்குவோர் கட்டையின் நிறத்தையும் எடையையும் மட்டுமன்றி, அது எங்கிருந்து வந்தது என்பதற்கான அனுமதிச் சீட்டையும் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது.