மேனேஜ் எஞ்சின் கோப்பு அனுமதிக் குறைபாடு (2019)

சிவிஇ-2019-12133 என்பது ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ் எஞ்சின் மென்பொருள்களில் 2019-ஆம் ஆண்டு பதிவான பாதுகாப்புக் குறைபாடு ஆகும். கோப்புறைக்கான அனுமதி தளர்வாக இருந்ததால், சாதாரணப் பயனரும் கணினியின் முழு அதிகாரத்தைக் கைப்பற்ற இது வழிவிட்டது. இவ்வகைத் தாக்குதல் 'அதிகார உயர்வு' எனப்படும்.

பின்னணி

1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2009-இல் ஜோஹோ ஆனது. தென்காசியையும் குற்றாலத்தையும் அடுத்துள்ள மத்தளம்பாறையில் 2011 முதல் அதற்கு அலுவலகம் உண்டு. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அங்கேயே குடியேறினார். தென்காசி தனி மாவட்டமானதும் அதே ஆண்டு நவம்பரில்தான். மேனேஜ் எஞ்சின், அலுவலகக் கணினிகளையும் வலையமைப்புகளையும் நிர்வகிக்கும் மென்பொருள்களுக்கான இந்நிறுவனத்தின் பிரிவு.

குறைபாடு

விண்டோஸில் மென்பொருள்கள் பெரும்பாலும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் நிறுவப்படுகின்றன. நிர்வாகி அல்லாதவர் அங்கே எதையும் மாற்ற முடியாது. சி டிரைவில் நேரடியாக உருவாக்கப்படும் கோப்புறை அப்படியல்ல. தனியாகக் கட்டுப்படுத்தாவிட்டால், உள்நுழைந்த எவரும் அதிலுள்ள கோப்புகளை மாற்றலாம். மேனேஜ் எஞ்சின் அங்கேதான் நிறுவப்பட்டது.

அத்துடன், அதன் சேவைகள் 'சிஸ்டம்' கணக்கில் இயங்கின. அக்கணினியில் அதற்கு மேல் அதிகாரம் இல்லை என்றே சொல்லலாம். கணினி தொடங்கும்போது இச்சேவைகள் 'எஸ்சி.எக்ஸ்இ' போன்ற விண்டோஸ் கருவிகளைத் தாம் இயங்கும் கோப்புறையிலிருந்தே இயக்க முயன்றன. சாதாரணப் பயனர் அதே பெயரில் தன் நிரலை அங்கே வைத்துவிட்டு, மறுதொடக்கத்துக்குக் காத்திருந்தால் போதும். கடவுச்சொல் எதையும் உடைக்க வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்டவற்றின் பட்டியல்தான் இதில் கவலைக்குரியது. பாஸ்வேர்டு மேனேஜர் புரோ, பேட்ச் மேனேஜர் பிளஸ், வல்னரபிலிட்டி மேனேஜர் பிளஸ், ஈவென்ட்லாக் அனலைசர் எனப் பல அதில் இருந்தன. நிறுவனத்தின் கடவுச்சொற்களைக் காப்பதும், பிற மென்பொருள்களின் ஓட்டைகளைக் கண்டறிவதும் இவற்றின் வேலை. இத்தகைய வழங்கிக் கணினி ஒன்று பிடிபட்டால், அது நிர்வகிக்கும் கணினிகள் அனைத்துக்கும் ஆபத்து.

திருத்தம்

நிறுவனம் திருத்திய பதிப்புகளை வெளியிட்டது. பழைய நிறுவல்களுக்கு அனுமதிகளைச் சீராக்கும் தனி நிரலையும், அதையே கையால் செய்யும் முறையையும் தந்தது. முன்பே உருவான கோப்புறையின் அனுமதி தானாக மாறிவிடாது என்பதால், அந்த வேலை ஒவ்வொரு அலுவலகத்தின் கணினி நிர்வாகியிடமும் போய்ச் சேர்ந்தது.